ஒரே கணக்கு, இரண்டு விடை!

சிவகாசி ராக்கெட்டும் ஸ்ரீஅரிகோட்டா ராக்கெட்டும் சொல்லும் கதை

தீபாவளி அன்று நீங்கள் ராக்கெட் விட்டிருப்பீர்கள்.

காலி பாட்டிலில் குச்சியை நட்டு, திரியில் பத்தியை வைத்ததும் "விர்" என்று கிளம்பும். பாட்டில் கொஞ்சம் சாய்ந்து இருந்தால் போச்சு! எதிர் வீட்டு மாடியில் போய் விழும். எதிர் வீட்டுப் பாட்டி சத்தம் போடுவார்.

கிளம்பிய ராக்கெட்டைத் திருப்ப யாராலும் முடியாது. ஏன் என்றால், சிவகாசி ராக்கெட்டுக்கு மூளை கிடையாது.

ஸ்ரீஅரிகோட்டாவில் இருந்து போகும் ராக்கெட்டுக்கு மூளை உண்டு. "இப்போது எங்கே இருக்கிறேன்? எவ்வளவு வேகம்? எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்?" என்று அது ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டே போகும். கணக்கு தப்பினால் ராக்கெட் தப்பும்.

அந்த மூளை போடும் கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரே கணக்கை இரண்டு எந்திரங்களிடம் கொடுத்தால், இரண்டு விடை வரலாம். இரண்டு எந்திரமும் பழுது இல்லாதவை. இரண்டும் தப்புச் செய்யவில்லை. ஆனாலும் விடை வேறு!

இது எப்படி? கேளுங்கள்.

விக்ரம்

நம் நாட்டு ராக்கெட்டுகளின் மூளையாக "விக்ரம் 1601" என்ற சில்லு 2009-ம் ஆண்டு முதல் வேலை பார்த்து வருகிறது. அதற்குத் தம்பியாக "விக்ரம் 3201" பிறந்து இருக்கிறது.

தம்பி அண்ணனைவிடக் கெட்டிக்காரன். அண்ணன் 16 பிட் கணக்கன். தம்பி 32 பிட் கணக்கன். (பிட் என்றால் 0 அல்லது 1 எழுதும் ஓர் இடம்.) தசமப் புள்ளிக் கணக்கைப் போடும் வசதியும் தம்பிக்கு உண்டு.

திருவனந்தபுரத்தில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இதை வடிவமைத்தது. பஞ்சாப் மாநிலம் மொகாலியில் உள்ள அரசாங்க செமிகண்டக்டர் ஆலையில் இது தயார் ஆனது.

2024-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட் கிளம்பியது. அதில் போய், விண்வெளியிலேயே விக்ரம் 3201 சோதிக்கப்பட்டது. தேறியது. 2025 மார்ச்சு 5-ந் தேதி, முதல் தொகுதிச் சில்லுகள் டெல்லியில் இஸ்ரோ தலைவர் நாராயணனிடம் ஒப்படைக்கப்பட்டன.

சில்லு மட்டும் போதுமா? அதற்கு வேலை சொல்லும் கட்டளைகளை எழுத வேண்டும். எழுதியதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு ராக்கெட் விட முடியுமா?

முடியாது. அதற்காகத்தான் "போலி எந்திரம்" ஒன்று வேண்டும். விக்ரம் சில்லுக்கான போலியையும் இஸ்ரோ விஞ்ஞானிகளே தயாரித்து இருக்கிறார்கள்.

ராஜபார்ட் வேஷம்

போலி என்றதும் கள்ள நோட்டு என்று நினைத்துவிடாதீர்கள். இது நல்ல போலி.

நாடகத்தில் ஒருவர் ராஜபார்ட் வேஷம் போடுகிறார். கிரீடம் வைக்கிறார். வாளை உருவுகிறார். பார்ப்பவர்களுக்கு அவர்தான் ராஜா. வேஷத்தைக் கலைத்தால், அவர் நம் ஊர்க்காரர்!

அதுபோல, மேசைமேல் இருக்கும் சாதாரணக் கம்ப்யூட்டர் ஒன்று, ராக்கெட் மூளையின் வேஷத்தைப் போட்டுக்கொள்ளும். அந்த மூளைக்கு எழுதிய கட்டளைகளைத் தானே வாங்கி, அதைப் போலவே நடித்துக் காட்டும். இப்படி வேஷம் போடும் ஏற்பாட்டுக்கு "எமுலேட்டர்" என்று பெயர். "சிமுலேட்டர்" என்பதும் இதே குடும்பம்தான்.

செல்போன் மென்பொருள் எழுதுகிறவர்கள், பழைய வீடியோ விளையாட்டை ஆடுகிறவர்கள், புதுச் சில்லு செய்கிறவர்கள் எல்லோருக்கும் எமுலேட்டர் வேண்டும்.

ஆனால், நடிகர் என்னதான் நடித்தாலும் சில இடங்களில் அவருடைய சொந்தக் குரல் வெளியே வந்துவிடும் அல்லவா? எமுலேட்டரின் சொந்தக் குரல் வெளியே வரும் இடம் எது தெரியுமா?

தசமப் புள்ளி!

ஓடும் புள்ளி

முழு எண்களில் தகராறு கிடையாது. இரண்டும் இரண்டும் நான்கு. எந்த எந்திரமும் அதைத்தான் சொல்லும். தசமம் வந்தால்தான் வம்பு.

100 ரூபாயை 3 பேருக்குச் சமமாகப் பங்கு போடுங்கள். ஆளுக்கு 33 ரூபாய் 33 பைசா. மூன்றையும் கூட்டினால் 99 ரூபாய் 99 பைசாதான் வருகிறது. ஒரு பைசா எங்கே? அதை யாரும் திருடவில்லை. 33.3333... என்று முடிவில்லாமல் போகும் எண்ணை நாம் இரண்டு இலக்கத்தில் வெட்டிவிட்டோம்.

கம்ப்யூட்டரும் இப்படித்தான் வெட்டுகிறது. ஓர் எண்ணுக்கு அதனிடம் இத்தனை நாற்காலிதான் என்று கணக்கு உண்டு. நான்கு நாற்காலி என்று வைத்துக்கொள்வோம். அதில் 1234 என்று எழுதலாம். 12.34 என்றும் எழுதலாம். 0.001234 என்றும் எழுதலாம். இலக்கங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பது இல்லை. புள்ளி மட்டும் இங்கும் அங்கும் ஓடுகிறது.

அதனால் இதற்கு "மிதவைப் புள்ளி எண்" என்று பெயர்.

நாற்காலி போதாவிட்டால் கடைசி இலக்கங்கள் வெளியே நிற்க வேண்டியதுதான்.

32 பிட்டில் மிதவைப் புள்ளி எண்ணை எழுதினால், சுமார் 7 இலக்கம் உட்காரலாம். 64 பிட்டில் எழுதினால் சுமார் 15 இலக்கம் உட்காரலாம்.

இந்த விந்தையைப் பாருங்கள். 32 பிட் மிதவைப் புள்ளியில் 1,67,77,216 என்று எழுதி, அதனுடன் 1 கூட்டினால், விடை மறுபடியும் 1,67,77,216 தான்! கூட்டிய ஒன்றுக்கு உட்கார இடம் இல்லை. அதே கணக்கை 64 பிட்டில் போட்டால் 1,67,77,217 என்று சரியாக வரும்.

இனி நினைத்துப் பாருங்கள். நிஜச் சில்லு 32 பிட்டில் கணக்குப் போடுகிறது. வேஷம் போட்ட எந்திரம் கொஞ்சம் தாராளமாக 64 பிட்டில் போட்டுவிடுகிறது. போலியின் விடை நிஜத்தின் விடையைவிட நல்ல விடை!

நல்லதுதானே என்கிறீர்களா? இல்லை. ஒத்திகையில் வந்த விடை மேடையில் வராது. அதுதான் ஆபத்து.

இரண்டு கணக்குப்பிள்ளைகள்

விருதுநகர் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு வத்தல் மண்டியில் இரண்டு கணக்குப்பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாளி ஒரு விசித்திரமான உத்தரவு போடுகிறார்.

"நோட்டில் எழுதும் எந்த எண்ணிலும் முதல் மூன்று இலக்கத்தைத்தான் எழுத வேண்டும். மீதியைக் கிட்டத்தட்டச் சரி செய்துவிடுங்கள்!"

மிளகாய் வத்தல் கிலோ 125 ரூபாய். ஒருவர் பன்னிரண்டரைக் கிலோ வாங்குகிறார். முன்பணம் 1,560 ரூபாய் கொடுத்து இருக்கிறார். பாக்கி எவ்வளவு?

முதல் கணக்குப்பிள்ளை பெருக்கினார். 1,562 ரூபாய் 50 பைசா வந்தது. உத்தரவுப்படி 1,560 என்று நோட்டில் எழுதினார். அதில் 1,560 ஐக் கழித்தார். "பாக்கி இல்லை" என்றார்.

இரண்டாவது கணக்குப்பிள்ளை பெருக்கிய தொகையை எழுதவில்லை. மனதிலேயே வைத்துக்கொண்டார். அதில் 1,560 ஐக் கழித்த பிறகுதான் நோட்டைத் திறந்தார். "பாக்கி 2 ரூபாய் 50 பைசா" என்று எழுதினார்.

இரண்டு பேரும் முதலாளி சொன்னபடிதான் நடந்தார்கள். ஒருவர் இரண்டு தடவை எழுதினார். ஒருவர் ஒரு தடவைதான் எழுதினார். விடை மாறிவிட்டது!

சில சில்லுகள் முதல் கணக்குப்பிள்ளையைப் போலப் பெருக்கி, வெட்டி, பிறகு கூட்டும். சில சில்லுகளில் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே மூச்சில் செய்து, கடைசியில் ஒரு தடவை மட்டும் வெட்டும் கட்டளை இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் "சக்தி" சில்லுகள் "ரிஸ்க்-வி" என்ற கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுகின்றன. அந்தத் தொகுதியின் மிதவைப் புள்ளிப் பிரிவிலும் இந்த ஒரே மூச்சுக் கட்டளை உண்டு.

நிஜச் சில்லு இப்படிச் செய்து, போலி அப்படிச் செய்தால்? "பாக்கி பூஜ்யமானால் நிறுத்து" என்று ஒரு கட்டளை இருந்தால், ஒன்று நிற்கும். மற்றொன்று ஓடிக்கொண்டே இருக்கும்!

காலண்டர் கதை அல்ல

சிவகாசிக்காரர்களுக்கு இன்னொரு நினைவு வரும். அங்கே அச்சாகும் காலண்டர்களில், வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்று சொல்லும். திருக்கணிதப் பஞ்சாங்கம் வேறு சொல்லும். சனிப் பெயர்ச்சி, திருக்கணிதப்படி 2025 மார்ச்சு 29-ந் தேதி. வாக்கியப்படி 2026 மார்ச்சு 6-ந் தேதி.

அதுவும் இதுவும் ஒன்றா? ஒன்று அல்ல. அங்கே இரண்டு பஞ்சாங்கங்களும் போடும் கணக்கே வேறு. இங்கே கணக்கு ஒன்று, எண்கள் ஒன்று, எழுதியவரும் ஒருவர். வெட்டும் இடம் மட்டும் வேறு.

1985-ல் பிறந்த சட்டம்

முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி தசமத்தை வெட்டியது. ஒரு கம்பெனி எந்திரத்தில் சரியாக வந்த கணக்கு, வேறு கம்பெனி எந்திரத்தில் கோணல் ஆனது.

1985-ம் ஆண்டு இதற்கு ஒரு சட்டம் பிறந்தது. ராமநாதபுரம் மாவட்டம் பிரிந்து, இன்றைய விருதுநகர் மாவட்டம் உருவானதும் அதே ஆண்டில்தான்! அந்தச் சட்டத்தின் பெயர் "ஐ.இ.இ.இ. 754". அதற்குப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் வில்லியம் காகன் என்ற கணித நிபுணர். 1989-ல் அவருக்கு டூரிங் பரிசு கிடைத்தது.

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் - இந்த ஐந்திலும் விடையை எப்படி வெட்ட வேண்டும் என்று அந்தச் சட்டம் கண்டிப்பாகச் சொல்கிறது. ஆனாலும் சந்து பொந்துகள் உண்டு.

கூட்டும் வரிசையை மாற்றினால் விடை மாறலாம். சைன், கோசைன் போன்ற கணக்குகளில் கடைசி இலக்கம் எந்திரத்துக்கு எந்திரம் வேறுபடலாம். மிக மிகச் சிறிய எண் வந்தால், சில சில்லுகள் வேகத்துக்காக அதைப் பூஜ்யம் ஆக்கிவிடும். சில சில்லுகள் சட்டத்தையே முழுதாகப் பின்பற்றுவது இல்லை.

சோனி கம்பெனி 2000-ம் ஆண்டு வெளியிட்ட "பிளேஸ்டேஷன் 2" விளையாட்டுப் பெட்டி அப்படிப்பட்டது. தசமத்தைக் கிட்டத்தட்டச் சரி செய்யாமல், மிச்சத்தை அப்படியே வெட்டி எறியும். முடிவிலி என்ற பேச்சே அதனிடம் கிடையாது. பூஜ்யத்தால் வகுத்தால், தனக்குத் தெரிந்த மிகப் பெரிய எண்ணைச் சொல்லும். நம் வீட்டுக் கம்ப்யூட்டரோ "முடிவிலி" என்று சொல்லும்.

அந்தப் பெட்டிக்கு வேஷம் போடும் எமுலேட்டரை எழுதியவர்கள், இந்த வித்தியாசத்தோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்ட வேண்டி வந்தது. விளையாட்டு என்பதால் உயிருக்குச் சேதம் இல்லை. எல்லா இடத்திலும் அப்படியா?

சின்னப் பிசகு, பெரிய விபத்து

1961-ம் ஆண்டு அமெரிக்காவில் எட்வர்டு லோரன்சு என்ற வானிலை விஞ்ஞானி ஒரு கணக்கைக் கம்ப்யூட்டரில் மறுபடியும் போட்டுப் பார்த்தார். முதல் தடவை உள்ளே இருந்த எண் 0.506127. இரண்டாம் தடவை, காகிதத்தில் அச்சாகி இருந்தபடி 0.506 என்று கொடுத்தார்.

வித்தியாசம் கடுகளவுகூட இல்லை. ஆனால், கொஞ்ச தூரம் ஒன்றாகப் போன இரண்டு கணக்கும் பிறகு அடியோடு பிரிந்துவிட்டன. ஒன்றின் வானிலைக்கும் மற்றதன் வானிலைக்கும் சம்பந்தமே இல்லை! வானம் பார்த்த கரிசல் பூமியில் இருக்கும் நமக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியது இல்லை.

இன்னொன்று சோகமானது. 0.1 என்பது நமக்கு எளிய எண். 0, 1 ஆகிய இரண்டை மட்டும் கொண்டு எழுதும் எந்திரத்துக்கு அது முடிவில்லாத எண். நமக்கு மூன்றில் ஒரு பங்கு எப்படியோ, அதற்குப் பத்தில் ஒரு பங்கு அப்படி.

1991 பிப்ரவரி 25-ந் தேதி வளைகுடாப் போரில், சவூதி அரேபியாவில் உள்ள தகரானில் "பேட்ரியட்" ஏவுகணைக் காவல் எந்திரம் சுமார் 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடிக்கொண்டு இருந்தது. பத்தில் ஒரு விநாடியை வெட்டி வெட்டிக் கணக்குப் போட்டதால், மூன்றில் ஒரு பங்கு விநாடி பிசகிவிட்டது. வந்த ஏவுகணையைத் தடுக்க முடியவில்லை. 28 ராணுவ வீரர்கள் மாண்டார்கள்.

வெடித்த ராக்கெட்

1996-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி. தென் அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானாவில் இருந்து, ஐரோப்பியர்களின் "ஏரியன் 5" ராக்கெட் முதன்முதலாகக் கிளம்பியது. நான்கு செயற்கைக் கோள்களைச் சுமந்து போனது.

சுமார் 40 விநாடி! ஆகாயத்தில் சுக்குநூறாக வெடித்தது.

காரணம் என்ன? ராக்கெட்டின் திசை காட்டும் பெட்டியில், 64 பிட் மிதவைப் புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் கட்டளை இருந்தது. 16 பிட் முழு எண்ணில் 32,767-க்கு மேல் எழுத முடியாது. வந்த எண் அதைவிடப் பெரியது. பெட்டி திணறி நின்றது. துணைக்கு இருந்த பெட்டியிலும் அதே கட்டளைதான். அதுவும் நின்றது.

அந்தக் கட்டளை பழைய "ஏரியன் 4" ராக்கெட்டுக்கு எழுதியது. பழைய ராக்கெட்டில் எண் அவ்வளவு பெரிதாக வந்தது இல்லை.

சரி, ஒத்திகை பார்க்கவில்லையா? பார்த்தார்கள். அங்கேதான் பாடம் இருக்கிறது. முழு ராக்கெட்டுக்கும் ஒத்திகை பார்த்தபோது, நிஜப் பெட்டியை வைக்கவில்லை. அந்தப் பெட்டிக்குப் பதிலாகப் போலியை வைத்து ஒத்திகை நடத்தினார்கள். போலி திணறவில்லை. "நிஜப் பெட்டியை வைத்துப் பார்த்து இருந்தால் குறையைக் கண்டுபிடித்து இருக்கலாம்" என்பது விசாரணைக் குழுவின் முடிவு.

இது தசமம் வெட்டுவதில் வந்த தகராறு இல்லைதான். ஆனால், வேஷம் போட்டவரை ராஜா என்று நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நிஜமும் தப்பும்

அப்படியானால் நிஜச் சில்லு சொல்வது எல்லாம் வேதவாக்கா? அதுவும் இல்லை.

1994-ம் ஆண்டு, தாமஸ் நைஸ்லி என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர், இன்டெல் கம்பெனியின் "பென்டியம்" சில்லு வகுத்தல் கணக்கில் தப்புச் செய்வதைக் கண்டுபிடித்தார். 41,95,835 ஐ 31,45,727 ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும். பென்டியம் 1.33374 என்றது. சில்லுக்குள் இருந்த வாய்ப்பாட்டில் ஐந்து இடங்கள் விட்டுப் போய் இருந்தன. இதனால் இன்டெல் ஒதுக்க வேண்டி வந்த தொகை 47 கோடியே 50 லட்சம் டாலர்!

ஆகவே, போலியும் நிஜமும் ஒன்றுக்கு ஒன்று காவல். இரண்டின் விடையும் பிரிந்தால், யாரோ ஒருவர் தப்பு என்று பொருள். தப்பு எவர் பக்கம் என்று தேட ஆரம்பிக்கலாம்.

என்ன வழி?

விஞ்ஞானிகள் சில வழிகளைக் கையாளுகிறார்கள்.

ஒன்று: எமுலேட்டர் தன் சொந்தக் கணக்குத் திறமையைக் காட்டக் கூடாது. "கியூஎமு" என்ற புகழ் பெற்ற எமுலேட்டர், மிதவைப் புள்ளிக் கணக்குகளை முழு எண் கூட்டல், கழித்தலாகப் பிரித்து, படிப்படியாகப் போடும் வழியை வைத்து இருக்கிறது. இதனால் வேகம் குறையும். ஆனால், எந்தக் கம்ப்யூட்டரில் ஓட்டினாலும் விடை மாறாது.

இரண்டு: நிஜத்தையும் போலியையும் அருகருகே ஓடவிட்டு, ஒவ்வொரு படியிலும் விடையை ஒப்பிட வேண்டும். கடைசி பிட் வரை ஒத்துப் போக வேண்டும்.

மூன்று: "பாக்கி பூஜ்யமா?" என்று எந்திரத்தைக் கேட்கக் கூடாது. "பாக்கி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். இது கட்டளை எழுதுகிறவர்களுக்கான பாடம்.

நான்கு: எத்தனை ஒத்திகை பார்த்தாலும், கடைசி ஒத்திகையை நிஜச் சில்லில் பார்த்தே ஆக வேண்டும். விக்ரம் 3201 சில்லை விண்வெளிக்கே அனுப்பிச் சோதித்தார்களே, அது வீண் செலவு அல்ல.

வீட்டுப் பாடம்

உங்கள் மகனோ மகளோ கம்ப்யூட்டர் படிக்கிறார்களா? "0.1 உடன் 0.2 கூட்டினால் என்ன வரும் என்று பைத்தானில் போட்டுப் பார்" என்று சொல்லுங்கள். 0.3 வராது. 0.30000000000000004 என்று வரும்!

பிள்ளை திகைத்து நிற்கும்போது, ஒரு பைசா காணாமல் போன கதையைச் சொல்லுங்கள். கல்லூரிக்குப் போகாத தாய்கூடச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

நம் விருதுநகருக்குப் பக்கத்து மாவட்டம் தூத்துக்குடி. அங்கே குலசேகரன்பட்டினத்தில் புதிய ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ந் தேதி அடிக்கல் நாட்டினார்கள். பட்டாசுத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் நாளை அங்கே ராக்கெட் மூளைக்குக் கட்டளை எழுதலாம்.

அந்தப் பிள்ளைக்குச் சிவகாசி ஒரு பாடத்தை ஏற்கனவே கற்றுக் கொடுத்து இருக்கிறது. ராக்கெட் பெட்டியின் மேல் எவ்வளவு அழகான படமும் ஒட்டலாம். படத்தில் அது வெகு உயரம் போகும், நட்சத்திரமாய்ப் பூக்கும். ஆனால், ஒன்றை எடுத்துத் திரியில் நெருப்பு வைத்துப் பார்த்தால்தான், அது மேலே போகுமா, எதிர் வீட்டுப் பாட்டியிடம் போகுமா என்பது தெரியும்!